தூசி போட்ட முத்திரை

அரியலூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் இருக்கும். என் பத்திரிகையை நானேதான் டிசைன் செய்வேன் என்று வீட்டில் அடம்பிடித்தேன். ஊர்க்காரர்களுக்கெல்லாம் பிள்ளையாரும் ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் வைத்து வைத்துக் கை சலித்துப்போயிருந்தது. என்னுடையதிலாவது வேறு ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைக்குப் பெரம்பலூர் பக்கம் ஒரு சின்னத் தபால் ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று காப்பி டம்ளரை வாங்கிய அவர் கையைத்தான் முதலில் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் கருப்பு மை. தேய்த்துக் கழுவியும் போகாத மை. முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். பிடித்துப்போயிற்று. நிச்சயத்துக்கு அப்புறமும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை. வாயால் சொல்ல முடியாததைப் பத்திரிகையில் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. முகப்பு மூலையில் ஒரு தபால் முத்திரை வைப்பது, வட்டத்துக்குள் ஊர் பேரும் கல்யாணத் தேதியும் போடுவது. பார்த்ததும் அவருக்குப் புரியும், இவள் நம்மை நினைத்துத்தான் செய்திருக்கிறாள் என்று.

கம்ப்யூட்டரில் வட்டம் போட்டு, எழுத்தை வளைத்து உள்ளே வைத்தேன். சோடா மூடி மாதிரி இருந்தது. நிஜ முத்திரை இவ்வளவு சுத்தமாகவா விழும்? ஒரு பக்கம் அழுத்தமாக, ஒரு பக்கம் பட்டும் படாமலும், நடுநடுவே மை ஒட்டாமல் அல்லவா இருக்கும். ரப்பர் கருவியை எடுத்து அங்கங்கே சுரண்டினேன். எலி கடித்தது போல ஆகிவிட்டது. சாஃப்ட்வேரே தானாகத் தூவிய புள்ளிகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. யாரும் நம்பமாட்டார்கள்.

வழி என்னவோ நான் தினமும் திட்டிக்கொண்டே துடைக்கிற இடத்தில்தான் இருந்தது. சிமெண்டு லாரிகள் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். மத்தியானத்துக்குள் ஸ்கேனர் கண்ணாடியில் தூசி படிந்துவிடும். அன்றைக்குத் துடைக்காமல், மேலே ஒரு கருப்புத் தாளைக் கவிழ்த்து வெறும் தூசியை ஸ்கேன் செய்தேன். கருப்பில் வெள்ளைப் புள்ளிகள், பெரிதும் சிறிதுமாக, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் வந்தன. கான்ட்ராஸ்டை ஏற்றி, அந்தப் புள்ளிகளை மட்டும் தனி அடுக்காக, லேயராக, முத்திரையின் மேல் வைத்தேன். புள்ளி விழுந்த இடமெல்லாம் மை உதிர்ந்தது போலத் தெரிந்தது. வட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். அடியில் ஒரு ஓரத்தை மறைத்து, வட்டத்தையும் உடைத்துவிட்டேன். கடைக்கார அண்ணன் பிரிண்ட் எடுத்த தாளைக் கையில் வாங்கி, மை ஒட்டுகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாதிரித் தாளை அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "அந்த முத்திரை வேணாமாம். எடுத்துடச் சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"மாப்பிள்ளைதான். பாத்தாரு, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. எழுந்து உள்ள போயிட்டாரு. அப்பறம் அவங்கம்மா வந்து சொன்னாங்க."

"ஏனாம்?"

"அதை எப்படிம்மா கேக்கறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "நல்ல காரியத்துல வட்டத்தை ஒடைச்சு வச்சிருக்கியே, அதான்." உடைந்த இடத்தைச் சேர்த்து அனுப்பினேன். வேண்டாம் என்றே பதில் வந்தது. கருப்பு நிறம்தான் ஆகவில்லையோ என்று குங்குமச் சிவப்பில் மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் அதே பதில். அன்று அடுப்படியில் அப்பா அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது என் காதில் விழுந்தது. "பொண்ணையே வேணாங்கறதுக்கு இது ஒரு சாக்கோ?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கூடவே கோபமும் வந்தது. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, முத்திரை மேல் ஏன் பழியைப் போட வேண்டும்? அவருடைய மைக்கறை விரலை நினைத்து ஆசையாகச் செய்தது. அது எப்படி அவரை எழுந்து உள்ளே போக வைத்தது என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. கடையில் யாருடைய பத்திரிகையிலோ மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

ஒரு மத்தியானம் அவரே கடைக்கு வந்து நின்றார். கடைக்கார அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீ குடிச்சுட்டு வந்துடறேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

"உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நான் முதலில் அனுப்பிய தாளை எடுத்து விரித்தார்.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"எதைங்க?"

"மெமோவை."

"என்ன மெமோ?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "நெஜமாவே தெரியாதா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அப்புறம்தான் அவர் உட்கார்ந்து சொன்னார். தினமும் காலையில் தேதியை மாற்றியதும் முத்திரையை ஒரு நோட்டில் அடித்துப் பார்க்க வேண்டுமாம். சோதனைக்கு வந்த அதிகாரி அந்த நோட்டைப் புரட்டி, ஒன்றும் தெளிவாக விழவில்லை, விளக்கம் எழுதிக் கொடு என்று மெமோ கொடுத்துவிட்டாராம். "சீலே தேஞ்சு போச்சுங்க. புதுசு வேணும்னு எழுதிப் போட்டுட்டேதான் இருக்கேன், வந்தபாடில்லை. தெனமும் சாயந்தரம் குண்டூசியால எழுத்துக்கு நடுவுல இருக்கற தூசியை நோண்டி நோண்டி எடுக்கறேன். நீங்க அதையே பத்திரிகையில போட்டு ஊருக்கெல்லாம் குடுக்கலாம்ங்கறீங்க. குத்திக் காட்டறீங்களோன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் குண்டூசியால் எடுக்கிற தூசியை நான் ஸ்கேனரில் பிடித்து மெனக்கெட்டுப் போட்டிருக்கிறேன்.

"அழகா இருக்கும்னுதான் போட்டேன்" என்றேன்.

"தேஞ்சது எப்படிங்க அழகா இருக்கும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். பேச்சை விட்டுவிட்டு ஃபைலைத் திறந்தேன். தூசி லேயரை அணைத்தேன். புள்ளிகள் போயின. ஓரத்தை மறைத்ததையும் அணைத்தேன். வட்டம் சேர்ந்துகொண்டது. சாய்ந்ததை நிமிர்த்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இதுதான்! இந்த மாதிரி ஒண்ணுதான் நான் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்!"

நான் முதல் நாள் வேண்டாம் என்று தள்ளிய சோடா மூடி அது. அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம். அப்படியே பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் பாதிப் பேர், அது என்ன மூலையில் ஏதோ கம்பெனி மார்க் என்று கேட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் கடைக்கார அண்ணன் பேருக்குத் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. மாப்பிள்ளையே தன் ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார். அண்ணன் உள்ளே பார்த்தார், திருப்பிக் கவரைப் பார்த்தார். "ஏம்மா, உன் டிசைன் உள்ள இல்ல. கவர் மேல இருக்கு!"

வாங்கிப் பார்த்தேன். அஞ்சல் தலை மேல் நிஜ முத்திரை. ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் மங்கல், நடுவில் தூசி. நான் எவ்வளவோ பாடுபட்டுச் செய்தது, அவர் கையால் ஒரே அடியில் விழுந்திருந்தது. புள்ளிகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. அடியில் வட்டம் விட்டுப்போன இடத்தில், கருப்புப் பால்பாயிண்டால் அதே தடிமனில் ஒரு வளைகோடு இழுத்துச் சேர்த்திருந்தார்.

பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டிலும் அவர் ஆபீசிலிருந்து தபாலில் வந்த கவர்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது. மெமோவுக்குப் பயந்து இழுத்தாரா, கல்யாணக் கவரில் வட்டம் உடையக் கூடாது என்று எனக்காக இழுத்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "கவர் எல்லாம் ஒழுங்கா போய்ச் சேந்துச்சுல்ல?" என்கிறார்.