உலக வரிசையில் எங்கள் வீடு

மச்சாள் பயணப்பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுத்தது சொக்லேற் அல்ல, ஒரு கருநீலக் குளிர் ஜக்கெற். உள்ளே பஞ்சு அடைத்தது, கழுத்துவரை சிப் வைத்தது. ஆடி மாதத்து நண்பகல். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் மின்விசிறி சுற்றியும் வேர்வை அடங்காத நேரம். "போட்டுப் பார் தம்பி" என்றார். என் கணவர் சாரமும் பெனியனுமாக நின்ற கோலத்திலேயே அதை மாட்டிக்கொண்டார். மச்சாள் எட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் போட்டுவிடுவதுபோல, சிப்பை அவருடைய தாடைவரை இழுத்துவிட்டார். "அப்பா கரடி மாதிரி!" என்று எங்கள் மகள் கைதட்டினாள். எல்லோரும் சிரித்தோம். அந்த ஜக்கெற் எந்த ஊர்க் குளிருக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிரித்து முடித்ததும் நான் குசினிக்குள் போய், அணைந்து கிடந்த அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா, அவருக்கு இருக்கும் ஒரே கூடப்பிறந்தவர். திருமணமாகி லண்டனுக்குப் போனவர். அவருடைய கணவர் இறந்த பிறகு பிள்ளைகளும் இல்லாமல் அங்கேயே தனியாக, முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு விடுதியில் வேலை செய்தார். அதே மாதிரியான வேலைக்கு விசா எடுத்துத் தம்பியை அங்கே கூப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஏஜென்சிக்காரர் ஒருவரை அவரே விசாரித்து வைத்திருந்தார். அந்த ஆளுக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமென்றால் எங்களிடம் இருந்த ஒரே வழி, எனக்குச் சீதனமாக எழுதித் தந்த இந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தை ஈடு வைப்பது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். என் அம்மா தன் அம்மாவிடமிருந்து வாங்கிய காணியில் அப்பா சிறிது சிறிதாகக் கட்டிய வீடு இது. மகள் பிறந்த அன்றே, இது இனி அவளுடையது என்று அம்மா சொல்லிவிட்டார். ஆக, நான் ஈடு வைக்கப் போவது என்னுடையதைக்கூட அல்ல.

நான் ஓர் அரச அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் துறைமுகப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் மேற்பார்வையாளர். தட்டுப்பாட்டுக் காலத்தில் மகள் கைக்குழந்தை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற பயம், வரிசைகள் மறைந்த பிறகும் எனக்குள் மறையவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக ஆட்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களின் சம்பளத்தை இங்கே இருப்பவர்கள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நானும் பெருக்கியிருக்கிறேன். நாங்கள் இருவரும் உழைத்தும் பிள்ளையைக் குறையாக வளர்க்கிறோமோ, அவர் போக விரும்பியும் என்னால்தான் நிற்கிறாரோ, போகச் சொன்னால் அவர் வெறுப்பாரோ என்று என் மனம் எந்த முடிவிலும் ஒரு நாள்கூட நிலைத்து நிற்காது. அவரோ, "நீ சொல்லு, செய்வம்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

மச்சாள் வருவதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான், அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கைத்தொலைபேசியில் ஓர் இணையப் பக்கத்தைக் கண்டேன். நாட்டைக் குறிப்பிட்டு, வீட்டின் வருமானத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் போட்டால், உலகத்து மக்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். விலைவாசி வித்தியாசத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. எங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டிப் போட்டேன். ஏணிபோல ஒரு படம் வந்தது. எங்களைக் குறித்த சிவப்பு உருவம் ஏணியின் அடியில், ஏறக்குறையக் கடைசிப் படியில் நின்றது. சோற்றுப் பெட்டியைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். அலுவலகத்தில் ஒரு சம்பளத் தாளை மூன்று முறை சரிபார்த்த பிறகும் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி யோசிப்பவள் நான். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். அந்தப் படத்தை மட்டும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை. நான் பயந்திருந்ததையே அது சொன்னது. அதனால் உடனே நம்பிவிட்டேன்.

அன்று மாலை அவரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு கீழயோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகளுக்குப் படம் கீறக் கொப்பி வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய், கொப்பி வாங்காமலே திரும்பி வந்தார். சாப்பிடும்போது, "அக்காவுக்குச் சொல்லு, நான் போறன்" என்றார். போகவேண்டாம் என்று சொல்ல நினைத்த வாயால் நான், "ஓம், பிள்ளைக்காகத்தானே" என்றேன். அதைக் கேட்டுத்தான் மச்சாள் விடுமுறை எடுத்துக்கொண்டு ஜக்கெற்றுடன் வந்திருந்தார்.

வந்து நின்ற நாட்களில் அவருடைய பழக்கங்கள் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் ஓர் அறையை விட்டு வெளியேறினால் பின்னாலேயே வந்து விசிறியையும் விளக்கையும் நிறுத்துவார். தன்னுடன் கொண்டுவந்த தேயிலைப் பையைக் கோப்பையில் தோய்த்து எடுத்து, பிழிந்து, பீரிஸ் தட்டின் ஓரத்தில் வைத்து, பின்னேரத் தேநீருக்கும் அதையே போடுவார். எங்கள் வீட்டில் தேயிலைத் தூளை அள்ளிப் போட்டுக் கடும் சாயமாகக் குடிப்பதைப் பார்த்து, "சீமாட்டி மாதிரிக் குடிக்கிறியள்" என்று கேலி செய்வார். நிலாவெளிக்குப் போன நாளில் கடலில் இறங்கவே இல்லை. மணலில் இருந்து தம்பியையும் மகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்க வந்தாப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில சேர்ந்து சமைக்கலாம் தம்பி. தனிய ஒருத்திக்குச் சமைச்சுச் சமைச்சு எனக்குக் கறி ருசியே மறந்து போச்சு" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையில் என் வீட்டில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கும் என்பது மட்டும்தான்.

திங்கட்கிழமை ஈடு எழுதுவதற்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் மத்தியானம், சாப்பாடு முடிந்த பின், உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மச்சாள் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"நீ ஏதோ உலக வரிசை எண்டு தம்பிக்குக் காட்டினியாம். என்ர இடம் எங்க எண்டு ஒருக்காப் பாப்பம், தா" என்றார்.

கைத்தொலைபேசியைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் வருமானத்தைத் தானே அழுத்தினார். படம் வந்ததும் அவர் வாய் திறந்தபடி நின்றது. அவருடைய உருவம் ஏணியின் உச்சிப் பக்கம் நின்றது.

"அடி பிள்ளை, நான் பெரிய பணக்காரியாம்! அப்ப நான் ஏன் தேயிலைப் பையை ரெண்டு தரம் தோய்க்கிறன்?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே எங்கள் கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னார். நான் முன்பு போட்டபடியே போட்டேன். அவர் சிரிப்பு நின்றது. கைத்தொலைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது என்ன, மாசத்துக்கு வாறதையோ போட்டனி?"

"ஓம் மச்சாள். சம்பளம் எண்டா மாசத்துக்குத்தானே."

"இங்க அப்பிடி. அங்க வேலைக்கு விளம்பரம் போட்டாலே வருஷச் சம்பளம்தான் போடுவாங்கள். பெட்டிக்குக் கீழ எழுதியிருக்குப் பார், வருஷத்துக்கு எண்டு. நீ ஒரு மாசச் சம்பளத்தில வருஷம் முழுக்கச் சீவிக்கிற ஆக்கள் எண்டு சொல்லியிருக்கிறாய்."

சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், அது இருக்கத்தான் செய்தது. மாதந்தோறும் சம்பளத் தாள்களுக்கு நடுவில் வாழ்கிற எனக்கு, வருமானம் என்ற சொல்லுக்கு வேறு அளவு இருக்கலாம் என்பதே தோன்றியிருக்கவில்லை. மச்சாளே பன்னிரண்டால் பெருக்கிப் போட்டார். சிவப்பு உருவம் அடிப்படியிலிருந்து ஏறி, ஏறி, ஏணியின் நடுப்பகுதியைத் தாண்டிப் போய் நின்றது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில், முற்றத்தில் மகளின் சைக்கிள் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தவர் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார். நடந்ததை மச்சாள் சொன்னார். கணவர் படத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப எங்களுக்குப் பின்னாலயும் ஆக்கள் நிக்கினமோ?"

"அரைவாசி உலகமே நிக்குதடா."

"அதுகளுக்கும் பால்மா இந்த விலைதானோ?"

மச்சாள் அவர் தோளில் ஓர் அடி போட்டார். அவர் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த உறுதியைத் தொடாமல் பார்த்தபடி, "அக்கா, நான் வரேல்லை எண்டாக் கோவிப்பீங்களோ?" என்று கேட்டார். திருமணமான நாளிலிருந்து, தனக்கு இதுதான் வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மச்சாள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "கோவிச்சு என்ன செய்யிறது? பேசாமல் இருந்திருக்கலாம். விசரி மாதிரிக் கண்ணாடியை எடுத்துப் போட்டன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உறுதியைக் கொண்டுபோய் உள்ள வை. காத்துக்குப் பறக்கப் போகுது" என்றார். விசிறியைக்கூட அவர் நிறுத்தி வைத்திருந்தார்; பறப்பதற்குக் காற்றே இல்லை.

அன்று எனக்கு இருந்தது வெறும் நிம்மதிதான். அலுமாரியைப் பூட்டித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத முதல் நாள் அது. பிறகுதான் வழக்கம்போல யோசனைகள் வந்தன. எங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட அன்று கூடவில்லை. மாதக் கடைசி முன்புபோலவே இறுக்கமாகத்தான் வந்தது. பாதி உலகம் எங்களுக்குக் கீழே நிற்கிறது என்பதில் ஒரு தாய் ஆறுதல் அடையலாமா? நான் தவறுதலாகப் போய் நின்ற அந்த அடிப்படியில் உண்மையாகவே நிற்கும் ஒருத்தி இருப்பாளே, அவள் பிள்ளைக்கு என்ன சமைப்பாள் என்று பேருந்தில் போகும்போது நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் பயத்தில் முடிவெடுக்கும் அவசியம் அன்றோடு போய்விட்டது. நாங்கள் வீட்டு வாடகை கொடுக்கிறோமா என்று அந்த இணையப் பக்கம் கேட்கவில்லை. மத்தியானம் பிள்ளையைப் பார்க்க அம்மா நடந்து வரும் தூரத்தில் இருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. மச்சாளிடம் அதைச் சொன்னபோது, "என்னட்டையும் கேக்கேல்லைத்தானே, பின்னேரம் ஆரோட கதைக்கிறனீ எண்டு" என்றார். அவரை ஏணியின் உச்சியில் நிறுத்தியதும் அதே பக்கம்தான்.

அவர் புறப்பட்ட காலையில் ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். தடுத்துவிட்டார். "இங்கயே கிடக்கட்டும். வாங்கினது அவனுக்கு." வேன் கிளம்பும்வரை தம்பியின் கையை விடவில்லை. அவர் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருந்தால், மறுநாளே ஈடு எழுதி முடிந்திருக்கும்; அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆள் கிடைத்திருக்கும். எனக்கு ஒருபோதும் தெரிய வந்திருக்காது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல ஏலாது.

ஜக்கெற் நீண்ட காலம் அலுமாரியில், உறுதி இருக்கும் தட்டுக்குக் கீழே, பூச்சி உருண்டை மணத்தோடு தொங்கியது. இந்த ஆண்டு என் கணவரை மீன்களை உறையவைக்கும் குளிரறைக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சம்பள உயர்வும் உண்டு. கதவைத் திறந்தால் புகைபோலக் குளிர் வெளியே பாயுமாம். முதல் நாள் நடுங்கிக்கொண்டு வந்தவர், மறுநாள் காலையில் அலுமாரியைத் திறந்தார். ஒழுங்கையில் போட்டுக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும் என்று கடைப் பைக்குள் சுருட்டிக் கொண்டுபோகிறார். ஆனால் புறப்படுவதற்கு முன், இப்போது பள்ளிக்கூடம் போகும் மகளுக்காக, வாசலில் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். அவள் கதிரையில் ஏறி நின்று சிப்பைத் தாடைவரை இழுத்துவிடுவாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோலத்தைப் படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். அங்கே விடிந்ததும் குரல் பதில் வந்தது.

"அடேய், மீன் நாத்தத்தோட எனக்கு முன்னால வந்திடாத, சொல்லிப்போட்டன்." கோப்பையில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அளவு சரியாத்தான் பாத்து வாங்கியிருக்கிறன் என்ன? வாற வருஷமும் ஆடியில வாறன். தேயிலைத் தூளை நல்லா அள்ளிப் போட்டு ஊத்து பிள்ளை" என்றார்.