மாடி அண்ணன்

என் கணவர் உளவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊரில் யாராக இருந்தார் என்று என்னிடம் சொன்னதில்லை. குன்னூருக்குக் குடிவந்தபோது ஒன்று மட்டும் சொன்னார்: "என்ன வேணும்னாலும் வரை. என் முகத்தை வரையாதே."

நான் ஓவியம் வரைகிறவள். அதற்குச் சம்மதித்தேன்.

சென்ற ஆண்டு ஊட்டியில் நடந்த கண்காட்சியில், மழை நேரத்துக் குன்னூர் மார்க்கெட்டை வரைந்து வைத்திருந்தேன். அதில் ஒருவர் முதுகைக் காட்டியபடி கேரட் வாங்கிக்கொண்டிருப்பார். வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை.

"இவர் இங்கதான் இருக்காரா மேடம்? தோளை இப்படிச் சாய்ச்சு நிப்பார். எங்க வீட்டு மாடியில குடியிருந்தார். ஒருநாள் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார்."

யாரோ என்னவோ, தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "தனியா வந்தானா? படத்துக்குக் கீழே உன் பேர் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். என் பெயர் இருந்தது.

அதன்பிறகு மேட்டில் ஏறும் ஒவ்வொரு ஆட்டோவையும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பனிமூட்டத்தில் நீர்வண்ணம் சீக்கிரம் காயாது. காயும்வரை உட்கார்ந்து காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன்.

ஒரு காலையில் அந்த மனிதர் வாசலில் நின்றார். நான் தடுக்குமுன் என் கணவரே கதவைத் திறந்தார்.

"அண்ணே, என்னைத் தெரியலையா?"

"ஏனுங்க, யாருங்க வேணும்? ஆளு மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க. மலையேறி வந்திருக்கீங்க, ஒரு வாய் டீ குடிச்சுப்போட்டுப் போங்க."

வீட்டில் அவர் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. அது மேட்டுப்பாளையத்தில் என் அப்பா பேசும் பேச்சு. அந்தச் சிரிப்பும் அப்பாவுடையதுதான்.

வந்தவர் குழம்பிப்போனார். "முகம் அவரை மாதிரியே இருக்கு. ஆனா எங்க மாடி அண்ணன் மதுரைப் பேச்சு பேசுவார். மன்னிச்சுக்குங்க சார். எங்கம்மா சாகிறவரைக்கும் அவரைத்தான் விசாரிச்சாங்க. அதைச் சொல்லலாம்னு வந்தேன்."

"அடப் பாவமே," என்ற என் கணவர் அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

வந்தவர் போனபிறகு கேட்டேன். "யாருங்க அது?"

"ரொம்ப நல்லவன். இவன்கூடப் பிறந்த அண்ணனைப் பிடிக்கத்தான் என்னை அங்க அனுப்பினாங்க. பிடிச்சாச்சு, இன்னும் ஜெயில்லதான் இருக்கான். அந்தம்மா எனக்கு ரெண்டு வருஷம் சோறு போட்டாங்க." அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கிட்டயும் இப்படித்தான் பேசறீங்களா?"

அவர் டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு வந்தார். "இல்லைன்னு சொன்னா நம்புவியா?"

மத்தியானம் ரசம் வைத்து இருவரும் சாப்பிட்டோம். வெளியே இருந்து யாரும் வரமாட்டார்கள் என்று இப்போது தெரியும். ஆனாலும் அவர் சிரித்தால், ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நானும் சிரிக்கிறேன்.