மிஸ் இஞ்சாரம்

என் அத்தான் யேசுரட்ணம் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று எங்கள் வீட்டில் பகிடி பண்ணுவோம். பதினேழு வருடம் பிறம்ரனில் ஒரு கொம்பனிக்கு ட்றக் ஓடியவர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை எல்லை தாண்டி, அமெரிக்காவின் தெற்கே, சவானாத் துறைமுகம்வரை போய்ச் சாமான் ஏற்றி வருவார். அங்கே என்ன கண்டீர்கள் என்று கேட்டால், "ரோட்டுத்தான்" என்பார். போய்வந்தது மனிதனா, பார்சலா என்று எனக்கு எரிச்சல் வரும்.

ஓடுகிற நாட்களில் பின்னேரம் ஏழு மணிக்கு, வெக்ஸ்போர்ட்டில் வீட்டில் இருக்கிற மனைவிக்கு, என் அக்கா அருள்மலருக்கு, ஃபோன் எடுப்பார். "இஞ்சாரும், சாப்பிட்டாச்சே? சரி, வைக்கிறன்." அவ்வளவுதான். இஞ்சாரும் என்றால் இங்கே பாரும் என்று அர்த்தம். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லையாம். எங்கள் ஆட்களில் அது ஒரு புதினமும் இல்லை.

முழங்கால் ஏலாமல் போய், இரண்டு வருடத்துக்கு முன் ட்றக்கை விட்டார். இந்த ஏப்ரலில் அவர்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாள் வந்தது. மகள் தனுஷிகா பிளேன் டிக்கெற், ஹொட்டல் எல்லாம் போட்டு, ஒரு என்வலப்பில் வைத்து நீட்டினாள். வெள்ளி போய் ஞாயிறு வருவது. ஊர் சவானா.

"அப்பா எத்தினை தரம் போனவர், அம்மா ஒருக்காலும் பாக்கேல்லை. இட்ஸ் சோ பியூட்டிஃபுல், அம்மா. ஃபுல்லா ஹிஸ்ற்றி!"

அத்தானின் முகம் செத்துப்போனது. நான் பக்கத்தில் கேக் வெட்டிக்கொண்டு நின்றேன், கத்தி அப்படியே நின்றது.

"வேற இடம் பாருங்கோ பிள்ளை. அங்கை வெக்கை. நுளம்பு," என்றார்.

எதை வைத்தாலும் சாப்பிடுகிற, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். அவர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்தாள். வீட்டில் என்னைப் பேபி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பேபி, அங்கை ஆரோ இருக்கினம்."

"விசர்க்கதை கதையாதை. அத்தானுக்கு ஒரு பொம்பிளையோடை கதைக்கத் தெரிஞ்சால் முதல் உன்னோடை எல்லோ கதைச்சிருப்பார்."

சொல்லிவிட்டேனே தவிர, பிக்கரிங்கில் என் வீடு வந்து சேரும்வரை எனக்கும் அந்தச் சந்தேகம் விடவில்லை. பதினேழு வருடம், மாதம் இரண்டு தரம். கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர்கள் போய்வந்த அடுத்த நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து நடந்ததைச் சொன்னாள்.

வெள்ளி பின்னேரம் பழைய நகரத்தைச் சுற்றினார்களாம். சதுரம் சதுரமாகப் பூங்கா, பெரிய பெரிய ஓக் மரங்கள், கொப்பெல்லாம் நரைத்த தாடி மாதிரிப் பாசி தொங்குகிறது. ஆற்றங்கரையில் அடிமைகளை இறக்கிய கதையை ஒரு வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அத்தானின் முகத்தை. தெருவில் ஆராவது எதிர்ப்பட்டால் அவர் தலையைக் குனிந்தார்.

சனி காலை அக்கா கேட்டுவிட்டாள்.

"நீங்கள் வழமையாச் சாப்பிடுற கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அது பூட்டியிருக்கும்."

"அப்ப பூட்டின கதவைப் பாத்திட்டு வருவம்."

ஊபர் பிடித்துப் போனார்கள். துறைமுக ரோட்டில் பதிந்த கூரையோடு ஒரு கடை, முன்னால் வரிசையாக ட்றக்குகள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கால் வைத்ததும் ஒரு குரல் "ஜே!" என்று அலறியது. யேசுரட்ணம் அங்கே ஜே ஆகியிருந்தார். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பெண், வாட்டசாட்டமான ஆள். ஏப்ரனோடு ஓடிவந்து அத்தானைக் கட்டிப்பிடித்துத் தூக்காத குறையாக ஆட்டினாள். கடைக்காரி டெல்லா. எங்கள் அத்தானை! கோயிலில் ஞாயிறு பூசையில் பக்கத்து ஆளுக்குச் சமாதானம் சொல்லக் கை கொடுக்கவே கூச்சப்படுகிறவரை!

அக்கா விறைத்துப்போய் நின்றாள். அந்தப் பெண் இப்போது அவள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தாள்.

"மிஸ் இஞ்சாரம்!"

அந்த ஊரில் பெயருக்கு முன்னால் மிஸ் போடுவது மரியாதையாம். ஆனால், தன் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற சொல் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயில் எப்படி வந்தது? "பேபி, என்ரை அலுமாரியைத் திறந்து ஆரோ என்ரை சீலையை உடுத்துக்கொண்டு நிக்கிறமாதிரி இருந்திது," என்றாள் என்னிடம்.

டெல்லா விடவில்லை. அத்தானின் நெஞ்சில் விரலால் தட்டி, "இந்த இதயம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். அக்கா வாசலை நோக்கித் திரும்பிவிட்டாள். இதற்குமேல் என்ன கேட்கக் கிடக்கிறது என்று நினைத்தாளாம்.

"இரும், மலர்," என்று அத்தான் சொல்லியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அவர் சொன்னது, "இஞ்சாரும், போகாதையும்" என்றுதான்.

"பார்த்தீர்களா, இதே பெயர்தான்!" என்றாள் டெல்லா. பிறகு ஜன்னலோர மேசையைக் காட்டினாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், அந்த மேசையில்தான் ஜே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். அம்புலன்ஸில் கூடப் போனது டெல்லா. வழிநெடுக அவர் இஞ்சாரம், இஞ்சாரம் என்றே அனுங்கினாராம். மனைவியின் பெயர் அதுதான் என்று நேர்ஸ் படிவத்தில் எழுதிவிட்டாள். டெல்லா அவருடைய ஃபோனில் தேடினாள். இஞ்சாரம் என்று ஒருவரும் இல்லை.

"நிறையத் தரம் கதைத்திருந்த ஒரு நம்பர் இருந்தது. வீடூ என்று பெயர். அவருடைய சிநேகிதன் யாரோ என்று நினைத்தேன். நான் மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் அந்த மனிதன் வெட்டிவிட்டான். நாலாம் தரம் ஃபோனையே அணைத்துவிட்டான். அப்படியும் ஒரு சிநேகிதனா? அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை!"

அத்தான் தன் ஃபோனில் அக்காவின் நம்பரை ஆங்கில எழுத்தில் 'வீடு' என்று போட்டு வைத்திருந்தார்.

இதைச் சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். அந்த ஜூன் மாதம் எனக்கு நல்ல ஞாபகம். தனுஷிகாவின் ஹைஸ்கூல் கிராஜுவேஷன். வருவேன் என்று வாக்குக் கொடுத்த அத்தான், அன்று காலைதான், துறைமுகத்தில் சுணக்கம், வரமுடியாது என்று சொன்னார். மண்டபத்தில் இருந்தபோது அக்காவின் கையில் ஃபோன் அதிர்ந்தது, அத்தானின் நம்பர். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான்.

"வெட்டு, அக்கா. பிள்ளையின்ரை நாளுக்கு வரத் தெரியாத ஆளுக்கு ஃபோன் ஒரு கேடோ?" என்று சொன்னவளும் நான். மூன்று தரமும் சொன்னேன். அணைத்துவிடு என்றும் சொன்னேன்.

அங்கே அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே நான் வெட்டு, வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த நாள் கண் விழித்த அத்தான், கொம்பனி முதலாளியிடம் வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார். நாலு நாள் கழித்து வந்து, ட்றக் பழுதாகிவிட்டது என்றார். மூன்று மாதம் ஓடவில்லை, ட்றக் நிறுத்துகிற யாட்டில் வேலை தந்திருக்கிறார்கள் என்றார். அக்கா ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நெஞ்சுக்குள் அடைப்பு எடுத்துவிட்டு வந்த மனிதர் தானே கோப்பை கழுவி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். அவர் குடித்த குளிசைகளைக் கொலஸ்ட்ரோல் மருந்து என்று நம்பியிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை, டெல்லாவின் கடைக்கு வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து அக்கா அவரைக் கேட்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் ட்றக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்.

"டெல்லா அப்பவே சொன்னவ, வீடு வெட்டிப்போட்டுதெண்டு. நெஞ்சு நோவெண்டு மட்டும் சொன்னால் நீர் விடுவீரே? எப்ப, எத்தினை மணிக்கெண்டு துருவித் துருவிக் கேப்பீர். பிறகு அதையே நினைச்சு நினைச்சுச் சாவீர்."

"அதுக்காண்டியோ இந்த ஊர் வேண்டாமெண்டனீங்கள்?"

"ஓம்."

அத்தான் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்து அக்கா கேட்டது அதுதான் முதல் தரம். ஆறு வருடம் அவளுடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டு, அவளுடைய பிழையையும் தன் மடிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். நான் அவரைப் பார்சல் என்றேன்.

அக்கா எழுந்து மறுபடி உள்ளே போனாளாம். டெல்லாவின் கையைப் பிடித்து, அந்த வீடூ நான்தான் என்று சொன்னாளாம். டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் அந்த ஜன்னலோர மேசையில் இருந்து அழுதார்களாம், பக்கத்தில் நாலைந்து டிரைவர்மார் முட்டை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க.

நான் கேத்தில் கொதித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "அக்கா, நான்தான் வெட்டச் சொன்னனான். அத்தானிட்டைச் சொன்னியே?" என்று கேட்டேன்.

"இல்லை. நீயும் சொல்லாதை," என்றாள். "விரல் என்ரைதானே."

பிறகு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அத்தானின் ஃபோன் திரையைப் பிடித்த படம். வீடு என்று இருந்த இடத்தில் இப்போது 'இஞ்சாரம், வைஃப்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டியது டெல்லாவாம்.

"உன்ரை பேரைப் போட்டிருக்கலாமே?"

"அவர் ஏலாமக் கிடக்கேக்கை அருள்மலர் எண்டோ கூப்பிடப்போறார்? அவர் கூப்பிடுற பேரிலை நான் இருந்தாத்தானே, ஆரின்ரை கையிலை ஃபோன் இருந்தாலும் என்னைப் பிடிப்பினம்."

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. அவளை இறக்கிவிட்டுக் கீழே காருக்குள் காத்திருந்த அத்தான். முதல் மணி முடியவில்லை, அக்கா எடுத்துவிட்டாள்.

"இஞ்சாரும்," என்றது ஃபோன், "அவசரமில்லை."