சொறியுது, ஆனா சொறி இல்ல

ஓட்டல் லாண்டரியில் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கறை, மைக் கறை எதுவானாலும் அவள் தேய்த்துவிட்ட விரிப்பு இரண்டாம் முறை மெஷினுக்குள் போனதில்லை.

அவள் வளர்க்கும் நாய் பட்டன். மழைக்காலம் தொடங்கியதும் அது சொறிய ஆரம்பித்தது. முதலில் வயிறு, பிறகு கால் எட்டிய இடமெல்லாம். இடுப்பில் முடி கொட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்துவிட்டது.

மாடியிலிருந்து இறங்கிய வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பேரனைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சொறி நாயை இங்க வச்சுக்க முடியாதும்மா. புள்ளைக்கு ஒட்டிக்கும். மாசக் கடைசிக்குள்ள எங்கயாவது விட்டுடுங்க. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணுங்க."

அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். மழைச் சேற்றுக்காகத் தினம் ஒரு முறை குளிப்பாட்டியது காலையும் மாலையும் ஆனது. நாய் இன்னும் சொறிந்தது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பஸ் ஓட்டும் கணவன் வாசலில் நின்று பார்த்தான்.

"நாயைக் குளிப்பாட்டி நடு வீட்ல வச்சாலும்னு பழமொழி சொல்வாங்க. நீ எங்க நடு வீட்ல வைக்க விடுற? குளிப்பாட்டிக்கிட்டே இருக்க."

"அழுக்கு போனாத்தான் அரிப்பு போகும்."

"அழுக்கா? அதைத் தேட இனிமே பூதக்கண்ணாடி வேணும். நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம், கிளம்பு."

கால்நடை மருத்துவர் ஒரு பெண். சிவந்த இடத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உண்ணி, தெள்ளுப்பூச்சி உண்டா என்று முடியைப் பிரித்துத் தேடினார். ஒன்றும் இல்லை.

"எதுல குளிப்பாட்டுறீங்க?"

"லாண்டரில கேன் அடியில மிஞ்சுற சோப்புத் தண்ணிதான் டாக்டர். ரத்தக் கறையே போயிடும். மழை ஆரம்பிச்சதுலேர்ந்து தினமும் குளிப்பாட்டுறேன்."

"தோலும் போயிடும்மா. மழைன்னு தினம் குளிப்பாட்ட ஆரம்பிச்சீங்க. தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசை போய், வறண்டு அரிக்குது. அது சொறியுது, ஆனா சொறி இல்ல. யாருக்கும் ஒட்டாது."

அரிப்புக்கு மாத்திரை கொடுத்தார். புண் ஆறும்வரை குளியல் கூடாது, சேறு பட்டால் ஈரத் துணியால் துடைத்தால் போதும், பிறகும் நாய்களுக்கான ஷாம்புதான் என்றார்.

வீட்டுக்காரரிடம் அவள் அதே சொற்களைச் சொன்னாள். அவர் இரண்டு தடவை கேட்டார்.

"சொறியுதுங்கிற, சொறி இல்லங்கிற. என்னம்மா விளையாடுறியா? முடி முளைக்கட்டும், அப்புறம் பேசலாம்."

மாத்திரை கொடுப்பது எளிதாக இருந்தது. குளிப்பாட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். சேற்றில் புரண்டு வந்த நாயைப் பார்த்ததும் அவள் கை வாளிக்குப் போகும். கணவன் வாளியைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். லாண்டரியில், "பளிச்சக்கா வீட்டு நாயா இது?" என்று தோழிகள் கிண்டலடித்தார்கள். அவள் விரிப்புகளை மடித்தாள்.

மாதக் கடைசியில் வீட்டுக்காரர் பேரனோடு தானாகவே கீழே வந்தார். பட்டன் வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. மேலே மண் வாடை, காலெல்லாம் காய்ந்த சேறு. இடுப்பில் புது முடி கறுப்பாக அரும்பியிருந்தது. அவர் நின்று பார்த்தவரை அது ஒரு தடவையும் சொறியவில்லை.

"என்னம்மா, ஒரே அழுக்கா இருக்கு?"

"ஆமாங்கய்யா" என்றாள் அவள். "இப்ப நல்லா இருக்கு."

அவர் நாயைத் தாண்டி வெளியே போனார். பேரன் தாண்டவில்லை, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவரும் கூப்பிடவில்லை.