ஆருக்குக் கவலை?

அந்தக் கடிதத்தை அப்பா எனக்கு முன்னால் வைத்தபோது நான் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்கு வரும் நோர்வேஜியக் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். மின்சாரக் கட்டணமோ, பல் வைத்தியரோ, பள்ளிக்கூடச் சுற்றுலாவோ, ஒரு மூச்சில் வாசித்து மறு மூச்சில் தமிழில் சொல்லிவிடுவேன். மெதுவாகச் செய்வது எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. கடிதத்தின் தலையில் பொலிஸ் முத்திரை, கீழே அண்ணாவின் பெயர், அடுத்த வாரத்தில் ஒரு நாள், நடுவில் 'பெக்கிம்ரிங்ஸ்சம்தாலெ' என்றொரு நீண்ட சொல். ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னேன்: "பொலிஸ் அண்ணாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கு, அப்பா."

"இன்னொருக்கா வாசி," என்றார். வாசித்தேன். அதே சொல்லைத்தான் சொன்னேன்.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒஸ்லோவில் எங்கள் பகுதியான புருசெத்தில், கடைகளுக்குப் பின்னால் உள்ள கார்த் தரிப்பிடத்தில், யாரோ யாரையோ சுட்டிருந்தார்கள். குண்டு காலில் பட்டது, பெடியன் பிழைத்துவிட்டான். எங்கள் கட்டடத்து லிஃப்டில் எல்லோரும் அதைக் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். அண்ணாவுக்குப் பதினாறு வயது. அவன் சுடவுமில்லை, சுட்டதைக் காணவுமில்லை. ஆனால் பின்னேரங்களில் அவன் யாரோடு நின்றானோ, அவர்களுக்குச் சுட்டவனையும் தெரியும், சுடுபட்டவனையும் தெரியும். பொலிஸுக்கு அது போதும்.

அப்பா ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். ஊரைப் பற்றி அதிகம் கதைக்காதவர். எங்கள் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் படம் ஒன்று மாலை போடாமல் இருந்தது. இறந்தார் என்று யாரும் உறுதியாகச் சொல்லாததால் மாலை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலை அவரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள், பத்து நிமிடத்தில் விடுவோம் என்றார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் அப்பா தூரத்துப் பேர்கன் நகரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். "மச்சாள், பெடியனை நாளைக்கு ரயிலிலை ஏத்திவிடுறன். கொஞ்ச நாள் உங்களோடை வைச்சிருங்கோ."

"அப்பா, கதைக்கத்தான் கூப்பிடுகினம்," என்றான் அண்ணா.

"அங்கையும் கதைக்க எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனவை."

  கொஞ்ச நேரத்தில், கடிதத்தில் உள்ள நேரம் வசதியா என்று கேட்டுப் பொலிஸ்காரி ஒருத்தி போன் எடுத்தபோது, நான்தான் எடுத்தேன், எடுத்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணா வரமாட்டான், நாளைக்குப் பேர்கன் போகிறான்.  "நான் இப்போதே வரலாமா?" என்று கேட்டாள்.

வந்தவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். கம்பளிச் சொக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அம்மா தேத்தண்ணி வைத்தார். அப்பா அவளின் முகத்தைப் பார்க்கவேயில்லை, துப்பாக்கியைத் தேடி இடுப்பையே பார்த்தார். "துவக்கு எங்கையாம் எண்டு கேள்."

வெட்கத்தோடு கேட்டேன். காரில், பெட்டிக்குள், பூட்டி வைத்திருக்கிறது என்றாள். அப்பா பல்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பொலிஸ் கார் தனியாக நின்றது. "ஆரும் காரை உடைச்சால்?" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்துவிட்டு, துவக்கைக் காரில் வைப்பது பற்றித் தங்களுக்குள்ளும் வாக்குவாதம் உண்டு என்றாள்.

பிறகு என்னிடம் திரும்பி, கடிதத்தில் என்ன இருக்கிறதென்று அப்பாவுக்குச் சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள். "விசாரணை இல்லை. சம்தாலெ என்றால் கதைப்பது. உன் அம்மா வேலையால் வரப் பிந்தினால் உனக்கு என்ன வரும்? அதுதான் பெக்கிம்ரிங்."

"கவலை," என்றேன், தமிழில்.

அப்பா சட்டென்று திரும்பினார். "கவலையோ? ஆருக்குக் கவலை?"

"பொலிசுக்கு, அப்பா."

"பொலிசுக்கு என்னத்துக்குக் கவலை?"

குசினியில் இருந்து அம்மா, "கவலைப்படவும் இஞ்சை சம்பளத்துக்கு ஆள் வைச்சிருக்கினமோ!" என்றார். அண்ணா சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "இவன் எத்தினை மணிக்குத் திரும்பி வருவான் எண்டு கேள்."

அண்ணா வரத்தான் வேண்டும், ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை, நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், ஒரு மணித்தியாலம் ஆகும் என்று அவள் சொன்னாள்.  "பத்து நிமிசம் எண்டு சொல்லேல்லை," என்றார் அப்பா. "அப்ப போவம்."

நான் இன்று பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கிறேன். ஒரு அரையாண்டு அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றில் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பள்ளிக்கூட வாசலில் இடுப்பில் பிஸ்டலோடு பொலிஸ் நிற்பதைப் பார்த்தேன். அதே நகரத்தில் இரண்டு தெரு தள்ளி, சிறைக்குப் போய்வந்த மனிதர்கள் வெறும் கையோடு பெடியங்களின் சண்டையை விலக்க நடுவே போய் நிற்பதையும் பார்த்தேன். ஒஸ்லோவிலும் இப்போது அதே வாக்குவாதம்தான். துவக்கு காரின் பெட்டிக்குள் இருப்பதா, இடுப்புக்கு ஏறுவதா? ஸ்டொக்ஹோமில் பெடியங்கள் ஆளையாள் சுடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை என்னால் முட்டாள்கள் என்று சொல்ல முடியவில்லை. அண்ணாவின் கூட்டாளி ஒருவன் இன்று சிறையில் இருக்கிறான், அவன் வீட்டுக்கும் அப்படியொரு கடிதம் போனதுதான். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் நின்று கட்டுரை எழுதக்கூடியவள் நான். ஆனால் பூட்டிய பெட்டி எனக்கு ஒரு கொள்கை, அப்பாவுக்கோ அது பல்கனியில் நின்று தன் கண்ணால் பார்த்து உறுதிசெய்யவேண்டிய ஒன்று. அந்த இடத்தில் என் கட்டுரைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன.

கடிதம் வந்த அடுத்த வாரம், பொலிஸ் நிலையத்தில் நடந்த அந்தச் சந்திப்புக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடமாட்டோம், தொலைபேசியில் ஆள் இருக்கிறது என்று சொல்லி என்னை தாழ்வாரக் கதிரையில் இருத்திவிட்டார்கள். எனக்குக் கடும் கோபம். அப்பாவின் கையில் ஒரு கடைப்பை இருந்தது. எட்டிப் பார்த்தேன். சாரம், துவாய், பல் தீட்டும் பிரஷ், பிரஷருக்குப் போடும் குளிசை. எல்லாம் அவருடையவை, அண்ணாவுடையது ஒன்றுமில்லை.

"இது என்னத்துக்கப்பா?"

"அவனை வைச்சிருந்தால் நானும் நிப்பன்."

கதவைச் சாத்தினார்கள். ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். முதலில் வந்தவன் அண்ணா. கண் சிவந்திருந்தது. "என்னட்டை ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை," என்றான் மெதுவாக. "அப்பாதான் முழுக்கக் கதைச்சவர். பெரியப்பாவைப் பற்றி." எங்களுக்குச் சொல்லாததை எல்லாம் அவர் அந்த அறையில், தொலைபேசிக்குள் இருந்த முன்பின் தெரியாத ஒரு குரலின் ஊடாக, ஒரு பொலிஸ்காரிக்குச் சொல்லியிருந்தார்.

அப்பா வாசற்படியிலேயே நின்றார். சலவைப் பகுதியில் பழகிய தன் நோர்வேஜியத்தில் அவளிடம் முடிந்ததா என்று ஒரு சொல்லில் கேட்டார். அவள் தலையாட்டினாள். அப்பா அசையவில்லை. அண்ணாவைக் காட்டினார், பிறகு பையோடிருந்த கையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"இரண்டு பேரும் போகலாமோ?"

அவள் பையைப் பார்த்தாள். அந்தப் பை எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். "ஓம்," என்றாள் பிறகு. "இரண்டு பேரும்."

அப்பா அண்ணாவை முன்னுக்குப் போகவிட்டு, வீட்டுக்குப் போகும் ரயில் வரைக்கும் அவனுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.