அப்பா பந்து வீசிய ஞாயிற்றுக்கிழமைகள்

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடும் பேத்தியின் தோல் கையுறையை நேற்று வெயிலில் காயப்போட்டபோது, வியர்வையும் எண்ணெயும் கலந்த அதன் வாசனை, மலாயாவில் பெக்கோக் பக்கம் நாங்கள் இருந்த ஜப்பான்காரர் ரப்பர் தோட்டத்துக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கும் இடத்தில் அப்போது பேஸ்பால் திடல் இருந்தது. கல்லெறிந்து குரங்கு விரட்டும் அப்பாவின் கையைப் பார்த்த தோட்டத்து ஜப்பான் துரை, அவரையே பந்து வீச வைத்தார். மூன்று வருஷம் ஞாயிறுதோறும் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துச் சனம் முழுக்கத் திடலைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பந்து கையுறைக்குள் விழும் ‘டப்’ சத்தமும், "சுப்பையா! சுப்பையா!" என்று துரையே போடும் கூச்சலும், ரப்பர் மரங்களுக்குள் ஓடிய பந்தைத் தேடும் எங்கள் கும்மாளமுமாகப் பொழுது போகும்.

சிங்கப்பூரிலிருந்து பெரிய குழு ஆட வந்த அன்று, அம்மா தைத்த வெள்ளைச் சட்டையோடு நின்ற அப்பாவிடம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்தார்.

"இன்னைக்கு நீ வேணாம்பா. கூலியாளோட அவுங்க ஆட மாட்டாங்களாம். தண்ணி மட்டும் எடுத்துக் குடு."

துரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் முடியும்வரை அப்பா வாளியோடு நடந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். எங்கள் தோட்டம் தோற்றது. எனக்கு அது போதவில்லை.

அடுத்த ஞாயிறு துரையே லயத்துக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டார். விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"கை வலிக்குது துரை," என்றார். துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடரியை ஓங்கி, அடுத்த கட்டையை ஒரே வெட்டில் பிளந்தார்.