கட்டி என்று சொல்ல ஐந்து மாதம்

குளிக்கும்போதுதான் முதலில் கைக்குத் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. அதுவே எனக்குச் சாக்காகப் போயிற்று. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, தலைநகரிலேயே மயூர் விஹாரில் வீடு, பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ரிசல்ட் வரட்டும் என்றேன். அவள் கல்லூரியிலும் சேர்ந்தாள். அதன்பின் சொல்லிக்கொள்ளக் காரணமே இல்லை. ஆனாலும் போகவில்லை.

அலுவலகத்தில் யாருக்காவது இரண்டு நாள் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் துரத்துகிறவள் நான். எனக்கென்று வந்தபோது, இடது பக்கம் சோப்புப் போடுவதையே அவசரமாக முடித்தேன். தொடாமல் இருந்தால் கரைந்துவிடும் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை.

ஐந்தாம் மாதம், உறவில் ஒரு கல்யாணத்துக்காக ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். தையல் கடைக்காரப் பெண் பல வருடப் பழக்கம். அளவெடுக்கையில் நாடா அந்த இடத்தில் படவும் சட்டென்று விலகினேன்.

"க்யா ஹுவா, தீதி?" என்றாள், என்ன ஆச்சு அக்கா என்று.

"காண்ட் ஹை" என்றேன். கட்டி இருக்கிறது. கணவரிடம் தமிழில் வாய்வரை வந்து நின்றுபோன வார்த்தை, இந்தியில் சாதாரணமாக வெளியே வந்துவிட்டது. அவள் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, முதலில் டாக்டரைப் பாருங்கள், ரவிக்கை ஓடிப்போகாது என்று அதட்டினாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நெஜமாயிடும்னு பயமா இருந்தது."

"நாளைக்கு லீவு போடு. நானும் போடறேன்."

புற்றுநோய்தான். எத்தனை மாதமாக என்று டாக்டரம்மா கேட்டபோது, இரண்டு என்று சொல்ல வாயெடுத்து, ஐந்து என்றேன். அவர் திட்டவில்லை. இப்போதாவது வந்தீர்களே என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அறுவை சிகிச்சை, அப்புறம் கீமோ. கோபம் எல்லாம் என் பெண்ணுக்குத்தான், அவள் பரீட்சைக்காகத் தள்ளிப்போட்டேன் என்று நான் சொன்னதும்.

"என் எக்ஸாம் மேல பழி போடாதேம்மா. வெயிட் பண்ணுன்னு நான் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். ஆனால் ஒவ்வொரு கீமோவுக்கும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சமீபத்துப் பரிசோதனையும் நல்லபடியாக இருந்தது. கொட்டிய முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. போன வாரம் மெட்ரோவில் பக்கத்து இருக்கைப் பெண், எந்தப் பார்லரில் சுருட்டிக்கொண்டீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள். கீமோவுக்குப் பிறகு தானாக வந்தது என்றேன். ராஜீவ் சௌக் ஸ்டேஷன் வரும்வரை பேசிக்கொண்டே போனோம்.